தளவானூர்த் தூணும் முதுகின் தண்டும்

செஞ்சிக் கோட்டையின் பெரும்புகழுக்குப் பின்னே ஒதுங்கி நிற்கும் கிராமங்களுள் தளவானூரும் ஒன்று. அங்கே பஞ்சபாண்டவ மலை என்று ஊரார் வழங்கும் பாறைக் குன்றின் தென்முகத்தில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் என்னும் குகைக்கோயில் இன்றும் உறுதி குலையாமல் நிற்கிறது. முகப்பிலே இரண்டு முழுத்தூண்கள். அவற்றின் இருபுறமும் பாறையோடு ஒட்டிய அரைத்தூண்கள். மேலே கண்ணைப் பறிக்கும் மகரதோரணம். உள்ளே மண்டபத்தின் மேற்குச் சுவரில் கிழக்கு நோக்கிய கருவறை. அண்டையிலுள்ள மண்டகப்பட்டில் அதே அரசன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் அமைத்ததாகச் சாசனம் பொறித்து வைத்தான். அந்தச் சாசனத்தின் பெருமிதம் எத்தகையது என்பதைத் தளவானூர் மண்டபத்துக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள் எளிதில் உணர்வார்கள்.

அடியும் முடியும் சதுரமாகவும் இடைப்பாகம் எட்டுப் பட்டையாகவும் செதுக்கப்பட்ட அந்தத் தூண்களின் பருமனைக் காண்கிறவர்கள், மேலேயுள்ள குன்றின் பாரத்தையெல்லாம் அவையே சுமப்பதாக எண்ணுவது இயல்பு. உண்மையில் தளமும் தூணும் போதிகையும் கூரையும் ஒரே பாறை. சிற்பி வேண்டாத கல்லை வெட்டி அப்புறப்படுத்தினானேயன்றி, கல்லின்மேல் கல்லை எடுத்து வைக்கவில்லை. பொருத்து என்று ஒன்று இல்லாமையால் பொருத்து நழுவுதல் என்பதும் அங்கே இல்லை. மனித தேகத்தின் தூண் அப்படிப்பட்டதன்று. பிடரி முதல் இடுப்பு வரையில் அசையக்கூடிய 24 முள்ளெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியிலுள்ள முதல் இரண்டுக்கு நடுவே தவிர ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவில் மெத்தென்ற ஒரு வட்டை வைத்து, பின்புறத்தில் இரண்டிரண்டு கீல்களால் பூட்டி, தசைநார்களால் வரிந்து, தசைகளால் அணைத்து இயற்கை எழுப்பியிருக்கும் தூண் அது. அதிலும் இடுப்புப் பாகத்திலுள்ள ஐந்து எலும்புகளே மேலுடம்பின் முழுப் பாரத்தையும் ஏற்கின்றன. குனிவதும் நிமிர்வதும் பெரும்பாலும் அவற்றின் வேலைதான். நிற்கவும் வேண்டும், வளையவும் வேண்டும் என்ற இரண்டு எதிர்மாறான கடமைகளைச் சுமந்த அந்த அடுக்கில், வட்டு தேய்ந்தோ, கீல் தளர்ந்தோ, எலும்பின் பின்வளையம் விரிசல் கண்டோ போகும்போது, ஓர் எலும்பு தன் கீழெலும்பின்மேல் அளவுக்கு மீறி முன்னும் பின்னும் நகரத் தொடங்குகிறது. இதையே வைத்திய சாஸ்திரம் இடுப்புத் தண்டின் ஸ்திரமின்மை என்கிறது. இந்த நகர்ச்சையைக் கண்ணால் காண்பதற்கு எக்ஸ்ரே கிரணத்தை மனிதர் எப்படிப் பழக்கிக்கொண்டார்கள் என்பதும், அந்தச் சரித்திரத்தில் நம் நாட்டார்க்கு உள்ள பங்கும் அறியத் தக்கவை.

செஞ்சிச் சீமையில் இடுப்புவலி புதிதாக வந்த நோயன்று. கருங்கல் உடைப்பவர்கள், நாற்று நடுவதற்கும் வேர்க்கடலைக் கொடி பிடுங்குவதற்கும் பகல் முழுவதும் குனிந்து நிற்கும் பெண்கள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகளை முதுகில் ஏற்றிச் செல்லும் தொழிலாளர்கள் ஆகிய எல்லோருக்கும் அது பழகிய துன்பம். சித்த வைத்தியர்கள் அதை வாதத்தின் கூறாகக் கண்டு, எண்ணெயும் ஒற்றடமும் பற்றும் விதித்தனர். கிராமங்களில் சுளுக்கு வழிக்கிறவர்கள் இருந்தனர். பிறக்கும்போது கால் முதலில் வெளிவந்தவர் தம் காலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்ற நம்பிக்கை இன்றும் பல ஊர்களில் உண்டு. தசைப்பிடிப்பு பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் தணிவது ஆகையால், இந்தச் சிகிச்சைகளுக்கு நற்பெயரும் கிடைத்து வந்தது. ஆனால் தண்டெலும்பு தளர்ந்து நழுவும் ஒருவருக்கு முதுகின்மேல் மிதிப்பது எவ்வளவு ஆபத்தாக முடியக்கூடும் என்பதைத் தோலுக்கு உள்ளே பார்க்கும் வழி தோன்றும்வரை யாரும் அறிந்திருக்க நியாயமில்லை.

அந்த வழி 1895ஆம் வருஷம் நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் வில்ஹெல்ம் ரான்ட்கனுக்குப் புலப்பட்ட கதை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. அதிகம் அறியப்படாதது, அந்தக் கிரணம் எவ்வளவு விரைவில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது என்பதுதான். 1897-98இல் வடமேற்கு எல்லைப்புறத்துத் திராப் போரில், பீவர் என்ற ராணுவ வைத்தியர் எக்ஸ்ரே சாதனத்தை மலைப் பாதைகளில் கொண்டுசென்று, காயம்பட்ட போர்வீரர்களின் தேகத்தில் குண்டு தங்கிய இடத்தைக் கண்டறிந்தார். அதைவிட நம் மனத்தைக் கவர்வது கல்கத்தா மாநிலக் கல்லூரியில் நடந்த ஒன்று. ஜகதீச சந்திர போஸ் தம் கையாலேயே எக்ஸ்ரே சாதனம் ஒன்றை அமைத்து வைத்திருந்தார். 1899ஆம் வருஷத்தையொட்டி அவர் ரவீந்திரநாத தாகூருக்கு எழுதிய ஒரு கடிதத்தில், காலை எட்டு மணிக்குக் கல்லூரிக்கு வர இயலுமா என்று கேட்டு, முதுகெலும்பு முறிந்த ஒரு நோயாளியை அந்தக் கிரணத்தால் தாம் பரிசோதிக்க வேண்டியிருப்பதையும், டாக்டர் நீலரத்தன் சர்க்காரின் வேண்டுகோளைத் தட்ட முடியாமற் போனதையும் தெரிவிக்கிறார். இந்திய மண்ணில் முதுகெலும்பை எக்ஸ்ரேயால் நோக்கியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஒரு பௌதிக விஞ்ஞானி ஒரு மகாகவிக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது, நம் நாட்டு விஞ்ஞான சரித்திரத்தை எழுதுவோர் பொன்னேபோல் போற்ற வேண்டிய செய்தி.

ஆனால் போஸின் காலத்துச் சாதனத்தால் இடுப்புத் தண்டைத் தெளிவாகப் படம் பிடிப்பது அரிது. கைவிரல் மெல்லியது, கிரணம் எளிதில் ஊடுருவும். இடுப்போ தேகத்தின் மிகத் தடித்த பாகங்களுள் ஒன்று. அதைப் பக்கவாட்டில் ஊடுருவுவதற்குப் பலமான கிரணம் வேண்டும். அக்கிரணம் சதையில் பட்டுச் சிதறிப் படத்தையே புகைமூட்டமாக்கிவிடும். கிரணத்தை உண்டாக்கிய அக்காலத்து வாயுக் குழாய்களின் பலமோ நாளுக்கு ஒரு விதமாக மாறும். நோயாளி பல நிமிஷங்கள் அசையாமல் கிடந்தாலும் கிடைப்பது மங்கிய நிழலே. இந்த இடர்களை இரண்டு புதுமைகள் நீக்கின. 1913இல் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ், டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி இயக்கும் குழாயை அமைத்து, கிரணத்தின் பலத்தை விரும்பிய அளவில் நிறுத்தினார். அதே காலத்தில் பெர்லினில் குஸ்தாவ் பக்கி, நோயாளிக்கும் படத்தகட்டுக்கும் நடுவே ஈயக் கீற்றுகளால் ஆன கட்டத்தை வைத்துச் சிதறிய கிரணத்தைத் தடுத்தார். 1920ஐ ஒட்டி சிக்காகோவின் ஹாலிஸ் பாட்டர் அந்தக் கட்டத்தைப் படம் எடுக்கும்போதே நகரச் செய்து, அதன் கோடுகள் படத்தில் விழாதபடி செய்தார். இடுப்புத் தண்டின் பக்கவாட்டுப் படம் வைத்தியர்களுக்கு நம்பத்தக்க சாதனமாக வாய்த்தது இவற்றுக்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கலை வேரூன்றிய இடம் சென்னை அரசினர் பொது மருத்துவமனை. அங்கே காப்டன் பர்னார்டு என்ற ரேடியாலஜி நிபுணர் முன்னின்று வளர்த்த துறை, 1934இல் அவர் பெயராலேயே பர்னார்டு ரேடியாலஜி நிலையமாகத் திறக்கப்பெற்றது. நோயைக் கண்டறியும் எக்ஸ்ரேயும், ரேடியம் முதலியவற்றால் புற்றுநோய்க்குச் செய்யும் சிகிச்சையும், மாணவர்க்குப் போதனையும் ஒரே கூரையின்கீழ் நடந்த அந்நிலையம் கீழ்த்திசையிலேயே பெரியவற்றுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. அக்காலத்தில் செஞ்சி தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது, தலைநகரம் கடலூர். செஞ்சியிலிருந்து முதுகு முறிந்த ஒருவரைக் கட்டிலில் வைத்துத் திண்டிவனம் வரை கொண்டுபோய், ரயிலேற்றிச் சென்னை சேர்ப்பதென்றால் அது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே தின்றுவிடும் காரியம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதனை நிறுவிய ஐடா ஸ்கடரின் உடன்பிறந்தார் மகளான மற்றோர் ஐடா ஸ்கடர் ரேடியாலஜி துறையை வளர்த்தபின், இவ்வட்டாரத்தாருக்கு மேற்கிலும் ஒரு புகலிடம் கிடைத்தது. அதே வேலூரில், 1954இல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சத்திர சிகிச்சை செய்து, பின்னர் 1966இல் இந்நாட்டுக்கு முன்மாதிரியான புனர்வாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கியதையும் இந்த இடத்தில் வணக்கத்தோடு நினைக்க வேண்டும்.

இனி, படம் எதைக் காட்டியது என்பதைப் பார்ப்போம். தண்டெலும்பு நழுவுவது எக்ஸ்ரேக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1782இல் பெல்ஜியத்து மகப்பேற்று வைத்தியர் எர்பினோ, பிரசவத்தைத் தடுத்த ஓர் எலும்புப் புடைப்பை விவரித்தார். கடைசி இடுப்பெலும்பு முன்னே சரிந்து பிறப்புவழியை அடைத்திருந்தது. 1854இல் கிலியன் அந்த நோய்க்கு இன்று வழங்கும் பெயரை இட்டார். படம் எடுக்கும் கலை கைவந்ததும், அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் ஹென்றி மேயர்டிங் 1932இல், கீழெலும்பின் மேற்பரப்பை நான்கு சம பாகமாகப் பிரித்து, மேலெலும்பு எத்தனை பாகம் முன்னே சரிந்திருக்கிறதென்று கணக்கிடும் முறையை வகுத்தார். கால் பாகத்துக்குள் சரிந்தால் முதல் நிலை, பாதிக்குள் இரண்டாம் நிலை என்று இன்றும் நம் ஊர் எக்ஸ்ரே அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அது தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய அந்த அளவுகோல்தான்.

எனினும் அதில் ஒரு குறை இருந்தது. எக்ஸ்ரே பிடிக்கும் தொழிலின் முதல் விதியே அசையாமை. இன்றும் எந்தக் கிராமத்து எக்ஸ்ரே அறையில் நின்றாலும், "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்ற குரலைக் கேட்கலாம். ஸ்திரமின்மையோ அசைவில் மட்டும் வெளிப்படுவது. படுத்திருக்கும்போது ஒழுங்காக அடுக்கி நிற்கும் எலும்பு, எழுந்து குனியும்போது நழுவும். நிமிரும்போது மீண்டும் தன் இடத்துக்குப் போகும். ஆகவே ஒரு நிலையில் எடுத்த ஒரு படம், எவ்வளவு தெளிவாயிருந்தாலும், நோயின் இருப்பிடத்தைத் தவறவிட்டுவிடலாம். பல வருஷங்களாக இடுப்புவலியால் துன்புறுவோர் கையில் படத்தைக் கொடுத்து, எலும்பில் கோளாறு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் குறையைத் தீர்க்கும் உபாயத்தை வைத்திய உலகில் நிலைபெறச் செய்தவர் ஸ்வீடன் நாட்டு ரேடியாலஜி நிபுணர் போல்கே நுட்ஸன். 1944இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் மிக எளிமையானது: நோயாளியை முடிந்த மட்டும் குனியச் செய்து ஒரு பக்கவாட்டுப் படம், முடிந்த மட்டும் பின்னே வளையச் செய்து மற்றொரு படம், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒவ்வோர் எலும்பும் எவ்வளவு இடம் பெயர்ந்தது, எவ்வளவு சாய்ந்தது என்று அளக்க வேண்டும். வட்டு தேய்ந்த இடத்தில் மேலெலும்பு தன் கீழெலும்பின்மேல் உருளுவதற்குப் பதிலாக வழுக்குவதை அவர் காட்டினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, தேய்ந்த வட்டின் நடுவில் வாயு தோன்றிப் படத்தில் கருநிறக் கீற்றாகத் தெரிவதையும் அவர் எழுதியிருந்தார். 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெயர்ச்சி சந்தேகத்துக்குரியது என்ற வழக்கும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. புதிய யந்திரம் எதுவும் இல்லாமல், இருக்கும் யந்திரத்தின் முன்னே மனிதனை வேறு விதமாக நிறுத்தியதனால் மட்டும் கிட்டிய இந்த அறிவை, எக்ஸ்ரே சரித்திரத்தின் மிகச் சிக்கனமான வெற்றி என்று நான் கருதுகிறேன். செஞ்சியைப் போன்ற சிற்றூர்களுக்கு அதன் மதிப்பு இன்னும் பெரிது. சாதாரண எக்ஸ்ரே யந்திரம் இருக்கும் எந்த மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம்.

அதன்பின் அரை நூற்றாண்டு, எது இயல்பான அசைவு, எது அளவு மீறியது என்ற விவாதத்தில் கழிந்தது. 1971இல் டொராண்டோவின் இயன் மக்னாப், எலும்பின் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளிக் கிடைமட்டமாக நீளும் ஒரு சிறு முளையை ஸ்திரமின்மையின் அடையாளமாகக் காட்டினார். 1978இல் வெளிவந்த தம் பெரிய நூலில் ஆகஸ்டஸ் வைட்டும் மனோகர் பஞ்சாபியும், நரம்புக்குத் தீங்கோ, தேக அமைப்பில் பெருங்கோணலோ, தாங்க முடியாத வலியோ உண்டாகாதபடி அன்றாடப் பாரத்தைத் தண்டு சுமக்க இயலாமையே ஸ்திரமின்மை என்று இலக்கணம் வகுத்தனர். அவர்கள் இடுப்பில் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெயர்ச்சியையும், கீழே செல்லச் செல்ல 15, 20, 25 பாகைகளுக்கு மேற்பட்ட கோணமாற்றத்தையும் எச்சரிக்கைக் குறிகளாக வைத்தனர். 1982இல் கிர்க்கால்டி-வில்லிஸ், பர்பான் என்ற இருவர், தேயும் தண்டு முதலில் செயல் குன்றி, பிறகு தளர்ந்து, இறுதியில் எலும்பு முளைகள் வளர்ந்து தானே இறுகிவிடுகிறது என்று மூன்று கட்டங்களாக அதன் வாழ்க்கையை விவரித்தனர். முதியவர்கள் பலருடைய படத்தில் முளையும் தேய்வும் நிறைந்திருந்தும் அவர்கள் நடமாடிக்கொண்டிருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

இந்த அளவுகள் எல்லாவற்றையும் ஒரு கேள்வி அசைத்துவிட்டது. வலியே இல்லாதவர்களைக் குனியவும் நிமிரவும் செய்து படம் எடுத்தால் என்ன தெரியும்? 1989இல் அமெரிக்காவில் 59 பேரை அவ்விதம் சோதித்த ஓர் ஆய்வில், கணிசமானோருடைய இடுப்பில் ஏதேனும் ஒரு மட்டத்திலாவது 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ எலும்பு நகர்வது தெரிந்தது. அவர்களுக்கு நோவும் இல்லை, நோயும் இல்லை. மறுபுறம், கடுமையான வலியில் இருப்பவர் தசைகளை இறுக்கிக்கொண்டு குனியவே மறுப்பதால், தளர்ந்த தண்டும் படத்தில் உறுதியானதுபோல் காட்சியளிக்கும். படக்குழாய்க்கும் உடம்புக்கும் உள்ள தூரம் மாறினாலும், உடம்பு சிறிது திரும்பினாலும், அளவில் ஓரிரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ செய்யும். நாம் தீர்ப்பு வழங்க நினைக்கும் எல்லையே மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆயிற்றே. ஆகையால், அளவுகோல் படத்தின்மேல் வைக்கப்படும்போது நோயாளியின் சொல்லும் வைத்தியரின் கைப்பரிசோதனையும் உடன் இருந்தாலன்றி அந்த அளவுக்கு அர்த்தமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஸ்திரமின்மையை அளக்கும் முறைகளை வகுத்தோராக இதுகாறும் சொன்ன பெயர்கள் பெரும்பாலும் பிறநாட்டாருடையவை. ஆனால் தண்டின் ஸ்திரமின்மையை எக்ஸ்ரேயில் படிக்கும் கலைக்குத் தமிழ்நாடு அளித்த கொடை ஒன்று உண்டு. நம்மவர் பலரும் அதை அறியார் ஆதலின் சற்று விரிவாகவே சொல்கிறேன். மேல்நாட்டாருக்குத் தண்டு தளரக் காரணம் பெரும்பாலும் வயதும் தேய்வும். நம் நாட்டில் அவற்றோடு மற்றொரு கொடிய காரணமும் இருந்தது, இருக்கிறது. அதுதான் எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய காசம். நுரையீரலைப் பிடிக்கும் அந்தக் கிருமி, சிலருடைய தண்டெலும்பைத் தின்று குழியாக்கி, முதுகைக் கூனாக்கிவிடும். குழந்தைப் பருவத்தில் அது வந்தால் கூன் மட்டுமன்றி, பிற்காலத்தில் கால்கள் செயலிழக்கும் அபாயமும் சேர்ந்து வரும்.

சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் காச நோய்க்கான மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கிய அந்நிலையம், காசநோயாளிகளை மலைச் சுகவாசஸ்தலங்களில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்று 1959இல் நிரூபித்து உலகத்தின் வழக்கத்தையே மாற்றியது. 1970களில் அதே முயற்சி தண்டெலும்புக் காசத்துக்கும் விரிந்தது. கொரியா, ஹாங்காங் முதலிய இடங்களில் நடந்த சோதனைகளோடு இணையாகச் சென்னையிலும், மருந்து மட்டும் கொடுத்து நடமாட விட்டவர்களையும் சத்திர சிகிச்சை செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டு, வருஷந்தோறும் எக்ஸ்ரே எடுத்துப் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். ஏழை எளியவர்களான நோயாளிகள் ஊர்விட்டு ஊர் வந்து எக்ஸ்ரே யந்திரத்துக்கு முன்னே திரும்பத் திரும்ப நின்ற பொறுமையை, இந்த விஞ்ஞானத்தின் அஸ்திவாரம் என்றே சொல்லவேண்டும்.

அந்தப் படக் குவியலிலிருந்து பிறந்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். 1987இல் சென்னையின் புகழ்பெற்ற எலும்பு வைத்தியப் பேராசிரியர் டி. கே. சண்முகசுந்தரமும் அவர் மாணாக்கர் எஸ். ராஜசேகரனும், நோயின் தொடக்கத்தில் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் அளந்தால், மருந்துச் சிகிச்சை முடிந்தபின் எவ்வளவு கூன் நிலைக்கும் என்று முன்கூட்டிக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டனர். பின்னர்க் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் பணியாற்றிய ராஜசேகரன், 61 குழந்தைகளின் 15 ஆண்டுப் படங்களை வரிசையாக ஆராய்ந்து 2001இல் எழுதிய கட்டுரை அதனினும் அருமையானது. நோய் குணமாகிவிட்டால் கூனும் அவ்வளவோடு நின்றுவிடும் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். அவர் கண்டதோ, குணமான பிறகு குழந்தை வளரும்போது 39 சதவீதத்தாரிடம் கூன் கூடியதும், 44 சதவீதத்தாரிடம் இயல்பாகவே குறைந்ததும், எஞ்சியோரிடம் மாறாதிருந்ததும் ஆகும். எந்தக் குழந்தை எந்த வழி செல்லும் என்பதை அறிய நான்கு அடையாளங்களை அவர் சாதாரண எக்ஸ்ரேயிலேயே காட்டினார். பின்புறக் கீல்கள் பிரிந்திருத்தல். நோயுற்ற எலும்புத் துண்டு பின்னே தள்ளப்பட்டிருத்தல். மேலெலும்பு பக்கவாட்டில் விலகியிருத்தல். மேலெலும்பு முன்னே கவிழத் தொடங்குதல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கூட்டுத்தொகை இரண்டைத் தாண்டினால் அந்தத் தண்டு அபாயத்தில் இருக்கிறது. கூன் முற்றுமுன்பே சத்திர சிகிச்சை வேண்டும். தாண்டாவிட்டால் அந்தக் குழந்தையைக் கத்தியினின்றும் காக்கலாம். நுட்ஸன் ஒரே நாளில் இரண்டு நிலைகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டார். நம் தமிழ் வைத்தியர் ஒரே குழந்தையின் பதினைந்து வருஷத்துப் படங்களை ஒப்பிட்டார். முன்னவர் அசைவில் கண்டதைப் பின்னவர் காலத்தில் கண்டார்.

செஞ்சிச் சீமையின் நிலையும் இதற்குள் வெகுவாக மாறிவிட்டது. புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை பல தலைமுறைகளாக இவ்வட்டாரத்து நோயாளிகளை ஏற்றுவருகிறது. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தளவானூர்க்காரர் ஒருவர் இன்று காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் தம் இடுப்பின் படத்தோடு வீடு திரும்பலாம். கஷ்டம் இப்போது வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இடுப்பு வலித்தவுடன் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வழக்கம் பரவிவிட்டது. நரம்பையும் வட்டையும் காட்டுவதில் அதற்கு நிகரில்லை என்பது மெய்யே. ஆனால் அது படுக்க வைத்து எடுக்கப்படுவது. படுத்ததும் தன் இடத்துக்கு மீளும் எலும்பின் நழுவலை அது காட்டாமற் போகக்கூடும். நின்றபடியும் குனிந்தபடியும் எடுக்கும் பழைய எக்ஸ்ரே சில நூறு ரூபாயில் அதைக் காட்டிவிடும். விலை உயர்ந்த படம் எடுத்தாயிற்றே என்று எளிய படத்தை விட்டுவிடுவது நஷ்டம்.

அதேபோல், வலி வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் எக்ஸ்ரே வேண்டுமென்பதும் சரியன்று. இடுப்புப் படத்துக்கு வேண்டிய கிரணத்தின் அளவு மார்புப் படத்தினும் பல மடங்கு அதிகம்; குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும்போது அது இன்னும் பெருகும். விபத்து, காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, காலில் பலவீனம், மலஜலம் கழிப்பதில் தடை, முன்பு இருந்த காசம் அல்லது புற்றுநோய் ஆகிய குறிகள் இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் போய்ப் படம் எடுக்கவேண்டும். இவை இல்லாதவரின் வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிவது. தணியாமல், குனிந்து நிமிரும்போது இடுப்பு பிடிநழுவுவது போன்ற உணர்ச்சி நீடித்தால், அப்போது அசைவுப் படங்களுக்கு முறையான வேளை வந்ததாகக் கொள்ளலாம். படத்தில் ஒரு மில்லிமீட்டர் மிகுந்ததென்று மட்டும் சொல்லி, மூட்டை தூக்கிப் பிழைப்பவரின் முதுகில் திருகாணி பூட்டுவதும், பயந்துபோய் அவரை வேலையினின்று விலக்கி வைப்பதும் சரித்திரம் கற்பித்ததற்கு மாறானவை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் எக்ஸ்ரே படங்களுக்கு மரியாதை கிடையாது. காக்கி உறையில் கதவுக்குப் பின்னே ஆணியில் தொங்கும். பரணில் ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும். கிரகணம் பார்க்கவென்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போவார்கள், அது கண்ணுக்கும் கேடு. தண்டெலும்பின் ஸ்திரமின்மையை ஒரு படம் சொல்லாது. முந்திய படத்தோடு ஒப்பிட்ட பிறகே பிந்திய படம் பேசும். ஆகவே உங்கள் வீட்டில் யாருக்கேனும் முதுகெலும்பின் படம் எடுத்திருந்தால், தேதியை உறையின்மேல் எழுதி, உலர்ந்த இடத்தில் படுக்கையாக வைத்துக் காப்பாற்றுங்கள். வைத்தியரிடம் செல்லும்போதெல்லாம் பழைய படங்கள் அனைத்தையும் கையோடு கொண்டுபோங்கள்; கர்ப்பிணியாக இருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் நுழையுமுன் அதைத் தெரிவியுங்கள்; குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுக்கச் சொன்னால், வலி தாங்குமளவுக்கு ஒத்துழைத்து, தாங்காதபோது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.